ஜிக்கியா கோபுரத்தின் வளையம்

முந்தின நாள் அடித்த ரெட் ஆக்சைடு பெயிண்ட், கோபுரத்தின் அடியிலிருந்த இரும்பு வளையத்தின் உள்பக்கத்தில் மட்டும் காலையில் காணவில்லை. மரினால்வா விரலால் தடவிப் பார்த்தாள். கயிறு உரசி உரசித் தேய்த்ததுபோல் இரும்பு பளபளத்தது, ஈரமாகவும் இருந்தது. ரெசிஃபே நகரில் நான்கு நாளாக மழை இல்லை.

ஜெர்மனியிலிருந்து கடல் தாண்டி வந்த ஆகாயக் கப்பல்களை ஒரு காலத்தில் மூக்கில் கட்டிப்போட்ட கோபுரம் அது. அதைத் துரு தின்றுவிடாமல் காப்பாற்ற வேலைக்கு எடுத்த ஆறு பேரில் அவளும் ஒருத்தி. பெயிண்டே அடிக்காமல் அடித்தேன் என்கிறாள் என்று மேஸ்திரி அடாவுட்டோ எல்லோர் முன்னாலும் சொன்னார். அவள் மறுபடி அடித்தாள். மறுநாளும் அதே கதைதான்.

மதியம் சாப்பாட்டுக்குச் சோள மாவுக் குஸ்குஸைக் கிளறியபடி பழைய சங்கதியைச் சொன்னவரும் அவர்தான். கப்பல் இறங்கும்போது நூற்றுக்கணக்கான ஆட்கள் ஓடிப்போய்க் கயிறுகளைப் பிடிப்பார்களாம். காற்று திடீரென்று தூக்கினால் ‘விடு’ என்று சத்தம் வரும். அத்தனை பேரும் ஒரே நொடியில் விட்டுவிட வேண்டும்.

“விடாதவன் மேல போயிடுவான். அவ்ளோதான்.”

“விட்டவங்க?” என்றாள் மரினால்வா.

“வீட்டுக்குப் போயி சாப்ட்டுத் தூங்குவாங்க. வேறென்ன பண்ணுவாங்க?”

விட்டவர்கள் தூங்குவதில்லை என்று அவளுக்குத் தெரியும். இரண்டு வருடம் முன்பு வெள்ளத்தில் அவள் கூரைமேல் இருந்தாள். கணவன் ஜெனிவால்டோ கீழே, கழுத்தளவு தண்ணீரில். நடுவில் அவள் முடிச்சுப் போட்டு இறக்கிய, துணி காயப்போடும் நீலக் கயிறு. “கெட்டியா பிடிச்சிருக்கியா?” என்று மூன்று முறை கேட்டான். மூன்று முறையும் ஆமாம் என்றாள். பிறகு உள்ளங்கை கிழிந்தது, விட்டுவிட்டாள். ஆறு அவன் உடலைக்கூடத் திருப்பித் தரவில்லை. யாராலும் பிடித்திருக்க முடியாது என்று ஊரே ஆறுதல் சொன்னது. இன்னும் கொஞ்ச நேரம் பிடித்திருக்கலாம் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அன்று சாயங்காலம் மற்றவர்கள் கொட்டகையில் கை கழுவிக்கொண்டிருக்க, வளையத்தை யார் தேய்க்கிறார்கள் என்று பார்த்தே தீர்வதென அவள் மட்டும் புல்லில் உட்கார்ந்திருந்தாள். முதலில் வாடை வந்தது, வீட்டுச் சுவர்களைவிட்டு எத்தனை கழுவியும் போகாத அந்த வெள்ளச் சேற்று வாடை. அடுத்து நிழல். மேகமே இல்லாத வானத்தின் கீழ், தெருவைவிட நீளமான ஒரு நிழல் புல்வெளிமேல் நகர்ந்து வந்து கோபுரத்தருகே நின்றது. வளையம் கிறீச்சிட்டது.

கயிறு. நீலக் கயிறு. அவள் போட்ட முடிச்சு.

“கெட்டியா பிடிச்சிருக்கியா?”

குரல் மேலேயிருந்து வந்தது.

அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பாய்ந்து பிடித்தாள். “பிடிச்சிருக்கேன். இந்தத் தடவ விடமாட்டேன்.”

கயிறு இழுத்தது. குதிகால் எழுந்தது. பெருவிரலும் எழுந்தது. அடாவுட்டோ ஓடி வந்தார்.

“விட்ரும்மா! கைய விடு!”

முகத்தில் சேறு சொட்டியது. நிமிர்ந்து பார்த்தாள். ஊறிப்போன கை ஒன்று கயிற்றில் இறங்கி வந்தது. கல்யாண மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது. கைக்குப் பின்னால் முகம். மீன்கள் மிச்சம் வைத்த முகம்.

மரினால்வா பத்து விரலையும் விரித்தாள்.

அவள் மணிக்கட்டைப் பிடித்த கை விடவில்லை.