அடுக்குப் பாறை உப்பு

சுனாமிக்கு மறுவருஷம் கார்த்திகையில் கொட்டிய மழையில் மரக்காணத்து உப்பளம் முழுக்க ஏரியாகிவிட்டது. மாசி வரைக்கும் பாத்தியில் கால் வைக்க முடியாது. அந்த நேரம் பார்த்துத்தான் கலியமூர்த்திக்கு ஓங்கூர் ஆற்றங்கரைப் பாறைப் பூங்காவில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. தங்க வீடும் சும்மா தருகிறார்களாம். அதைக் கேட்டதுமே அவன் மனைவி அம்சவல்லிக்கு மனசில் ஏதோ நெருடியது. இந்தக் காலத்தில் யார் சும்மா வீடு கொடுக்கிறார்கள்?

தை மாதத்தில் ஒரு காலை, தட்டுமுட்டுச் சாமான்களோடு ஆட்டோவில் போய் இறங்கினார்கள். ஒற்றை அறை, மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. பழைய வாட்ச்மேன் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டானாம். அவன் சட்டை இன்னும் ஆணியில் தொங்கியது. ஓடிப்போகிறவன் சட்டையைக்கூடவா விட்டுவிட்டுப் போவான் என்று அவள் கேட்டாள். உனக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம்தான் என்று கலியமூர்த்தி சிரித்தான்.

வீட்டுக்குப் பின்னால் ஆற்றை ஒட்டிப் பாறைச் சுவர் நீண்டு கிடந்தது. வருகிறவர்கள் கேக் வெட்டி வைத்த மாதிரி இருக்கிறது என்று சொல்லிப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அம்சவல்லிக்கு அப்படித் தோன்றவில்லை. சிவப்பாக ஒரு கனத்த அடுக்கு, அதன் மேல் மெல்லிய வெள்ளைக் கோடு, மறுபடி சிவப்பு, மறுபடி வெள்ளை. பிறந்ததிலிருந்து உப்பளத்தில் கிடந்தவளுக்கு அது மிதித்து இறுக்கிய களியும் அதன் மேல் பூத்த உப்பும்தான். ஒரு பாத்தியின் மேல் இன்னொரு பாத்தி. கடல் எட்டாத இடத்தில் யார் உப்பு விளைத்தது?

கொண்டுவந்த உப்பு ஒரு செவ்வாய்க்கிழமை தீர்ந்துபோனது. ஊருக்குள் கடை இருந்தது, போய் வாங்கியிருக்கலாம். ஆனால் உப்பளத்துக்காரி காசு கொடுத்து உப்பு வாங்குவதா? பக்கத்துப் பாத்தி ராசம்மாள் காதில் விழுந்தால் போதும், ஊரே சிரிக்கும்படி செய்துவிடுவாள். அம்சவல்லி பாறை இடுக்கில் பூத்திருந்த வெள்ளையை விரலால் நசுக்கிப் பார்த்தாள். நல்ல பரல் உப்பு. மடியில் வாரி வந்து குழம்பில் போட்டாள். அவளுக்கு அன்று விரதம் என்பதால் கலியமூர்த்தி மட்டும் சாப்பிட்டான். மிச்ச உப்பு மறுநாள் தண்ணீராகிக் கிடந்தது. வேறு வழியில்லாமல் வெட்கத்தை விட்டுக் கடைக்குப் போனாள்.

அதற்குப் பிறகுதான் அவன் மாறினான்.

மத்தியானமானால் ரவுண்ட்ஸ் என்று சொல்லிவிட்டுக் கிளம்புவான். திரும்பி வரும்போது முழங்கால் வரை சிவப்புக் களி அப்பியிருக்கும். ஆற்றிலோ அந்தப் பக்கம் வெறும் மணல்தான். அவன்மேல் காய்ந்த உப்புநீர் வாடை அடித்தது. தூக்கத்தில், "வந்துட்டேம்மா," என்று பணிவாக முனகினான். எவளோ ஒருத்தி என்று அம்சவல்லி முடிவு கட்டினாள். இவனை விட்டால் அவளுக்கு வேறு நாதியில்லை.

ஒரு மத்தியானம் பின்னாலேயே போனாள். வெயில் கொளுத்தியது. பூங்காவில் ஈ காக்கை இல்லை. பாறையடியில் கலியமூர்த்தி சுவரைப் பார்த்து நின்று, பாத்தி மிதிக்கிறவனைப் போலக் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தான். காலுக்குக் கீழே காய்ந்த கல். ஆனால் சத்தம் ஈரக்களியின் சத்தம்.

சளக். சளக்.

கூட யாருமில்லை.

"இன்னும் ஒரு பாத்திதாம்மா," என்றான் சுவரிடம்.

அப்போதுதான் அவள் சுவரைப் பார்த்தாள். தோள் உயரத்தில், சிவப்பு அடுக்கில், வரிசையாகக் குதிகால் தடங்கள். ஒன்றில் குறுக்கே ஆழமான வெடிப்பு. கலியமூர்த்தியின் குதிகாலில் இருக்கும் அதே வெடிப்புக்குத்தான் அவள் தினமும் எண்ணெய் தடவுகிறாள். தொட்டாள். கருங்கல்லைப் போல இறுகியிருந்தது. அதற்கும் கீழே வேறொரு ஆம்பளையின் கால் தடம். ஆணியில் தொங்கிய சட்டை அவள் நினைவுக்கு வந்தது.

கையைப் பிடித்து இழுத்தாள். அவன் அசையவில்லை.

"அவங்க உப்பைத் தின்னுட்டேன் அம்சா," என்று மெதுவாகச் சொன்னான். "நான் எப்பிடி வர்றது?"

தின்றவன் அவன், ஆனால் திருடி வந்து போட்டவள் அவள். எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடும் என்று நினைத்தாள். உடனே பஸ் பிடித்து மரக்காணம் போனாள். மேட்டில் கீற்று போட்டு மூடியிருந்த தங்கள் உப்பு அம்பாரத்திலிருந்து ஒரு பை நிறைய உப்பை அள்ளிக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பி வந்தாள். அவன் இன்னும் மிதித்துக்கொண்டிருந்தான்.

"எடுத்தது நான்தான்," என்றாள் பாறையிடம். "இந்தா, இது எங்க உப்பு. தின்னுட்டு அவரை வுட்டுடு."

இடுக்கில் கொட்டினாள். கொட்டக் கொட்ட உள்ளே போனது.

உள்ளிருந்து மெல்லும் சத்தம் வந்தது.

கறுக். கறுக்.

கலியமூர்த்தி தொப்பென்று உட்கார்ந்து, கால் ஏன் இப்படி வலிக்கிறது என்று கேட்டான். அவள் அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். அன்றைக்கே இருவரும் ஊர் வந்து சேர்ந்தார்கள்.

மாசியில் உப்பளம் காய்ந்தது. கலியமூர்த்தி பழையபடி சாப்பிட்டான், பழையபடி கேலி பேசினான். அம்சவல்லிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பாத்தி மிதிக்க வேண்டிய முதல் நாள், அவன் இன்னும் கொஞ்சம் தூங்கட்டும் என்று கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு விடிந்ததும் அவள் மட்டும் கிளம்பினாள்.

அவர்கள் பாத்தி ஏற்கெனவே மிதித்துத் தரை போல இறுகிக் கிடந்தது.

பக்கத்துப் பாத்தியிலிருந்த ராசம்மாள் நிமிர்ந்து, "ஏண்டி, ஆள் வச்சுக்கினியா? ஒரு வார்த்தை சொல்லல," என்றாள்.

"யாரு ஆளு?"

"யாரோ ஒரு பொம்பளை. நான் வரும்போதே மிதிச்சிக்கினு இருந்தா. எந்த ஊருன்னு கேட்டா, உங்க உப்பைத் தின்னுட்டாளாம், அதனால வந்துட்டாளாம்."

கூலி எதுவும் கேட்டாளா என்று அம்சவல்லி எப்படியோ கேட்டுவிட்டாள்.

"கூலி வேணாமாம். வூட்டுல இருக்க ஒரு எடம் போதுமாம். இப்பதான் உங்க வூட்டுப் பக்கம் போனா."

அம்சவல்லி திரும்பிப் பார்த்தாள். வரப்புக்கு அப்பால் அவள் வீடு தெரிந்தது. அவள் திறந்து விட்டு வந்த கதவை யாரோ உள்ளிருந்து மெதுவாகச் சாத்திக்கொண்டிருந்தார்கள்.