இரண்டு முறை விழித்தவர்

மருந்தக ஜன்னலில் வந்து நின்ற நர்ஸின் முகம் வெளுத்திருந்தது.

"சார், ஏழாம் படுக்கைக்கு நான் தப்பா மார்ஃபின் போட்டுட்டேன்னு சொல்றாங்க. நாலு மணிக்குள்ள உண்மை தெரியலைன்னா எனக்கு வேலை போயிடும்."

மருந்தாளர் எதற்கும் பதறாதவர். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு எழுந்தார். நர்ஸோடு வந்திருந்த வார்டு ஆயாவுக்கோ துப்பு துலக்குவது என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். அவருக்கு முன்னால் கிளம்பிவிட்டார்.

ஏழாம் படுக்கைப் பெரியவருக்கு எலும்பில் புற்றுநோய். வலிக்காக முதுகில், தோல் வழியாக மருந்து இறங்கும் ஒட்டு. ஒரு மாதமாக அதே அளவுதான். இன்று காலை மூச்சு மந்தமாகி, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கிவிட்டது. மார்ஃபினை முறிக்கும் மாற்று மருந்தை ஊசியில் போட்டதும் விழித்தார். ஒரு மணி நேரத்தில் மறுபடி மயக்கம். மறுபடி ஊசி, மறுபடி விழிப்பு.

"இவங்கதான் எதையோ போட்டிருக்காங்க," என்று நர்ஸைக் காட்டினார் பெரியவரின் மகன். "எதுவானாலும் என்கிட்ட பேசுங்க. அம்மாவுக்கு ஒண்ணும் புரியாது."

அம்மா கணவரின் போர்வையை முதுகுப் பக்கமாக இழுத்துச் செருகினார். மேசையில் கெட்டில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

ஆயா மருந்தாளரின் காதைக் கடித்தார். "அலமாரியில மார்ஃபின் அப்படியே இருக்கு சார். மகன் முழியே சரியில்ல."

"முழியை விடுங்கம்மா. மாற்று மருந்து எழுப்பிச்சுன்னா உள்ள போனது மார்ஃபின் வகைதான். மாற்று மருந்து சீக்கிரம் தீர்ந்துடும், அது தீராது. அதான் மறுபடி மயக்கம். ரெண்டாவது தடவை மார்ஃபின்னு யாரும் போடல. முதல்ல எங்கிருந்து வந்துச்சு, அதுதான் கேள்வி."

கெட்டிலை ஒருமுறை பார்த்துவிட்டுப் போர்வையை விலக்கினார். ஒட்டின்மேல் வெந்நீர்ப் பை. சுற்றிலும் தோல் சிவந்திருந்தது.

"இந்த ஒட்டுல இருக்கறதும் மார்ஃபின் வகைதான். மூணு நாள் கொஞ்சம் கொஞ்சமா இறங்க வேண்டியது, சூடு பட்டு மடமடன்னு இறங்கியிருக்கு."

நர்ஸ் பையை எடுத்துவிட்டு, கையுறை மாட்டி ஒட்டை உரித்தார். மாற்று மருந்தை விடாமல் சொட்டுச் சொட்டாக ஏற்றச் சொன்னார் விவரம் கேட்டு வந்த வார்டு டாக்டர்.

"முதுகு சில்லுன்னு இருந்துச்சேன்னு..." என்றார் அம்மா, வெந்நீர்ப் பையைக் கையில் வாங்கிக்கொண்டே.

மகன் நர்ஸிடம் திரும்பினார். "இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"சொன்னேங்க. ஒட்டுமேல சூடு படக்கூடாதுன்னு நேத்து உங்ககிட்டதான் சொன்னேன்."

"நான் அம்மாகிட்ட சொல்லவே இல்ல," என்றார் மகன். மணி மூன்றரைதான் ஆகியிருந்தது.

அம்மா பையிலிருந்த வெந்நீரைக் கொட்டிவிட்டு, நர்ஸின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"இனிமே என்கிட்டயே சொல்லும்மா. எனக்குப் புரியும்."