மூன்று நாற்காலியும் ஒரு பாயும்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் வெள்ளிமலை பஸ்ஸுக்குள் ஓடி ஏறிய மணிமொழியின் கண்ணில் முதலில் பட்டது ஒரு பெட்டி.

ஆள் உயரத்துக்குக் கறுப்பாக ஒரு பெட்டி. ஜன்னலோர சீட்டில் சாய்ந்து, மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் அதை அணைத்துப் பிடித்தபடி ஒருவன். பஸ்ஸில் வேறு சீட் இல்லை. வெளியே மழையான மழை… இவள் தலையிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் பொட்டிய எடுக்கறீங்களா?"

"அதுக்கும் டிக்கெட் எடுத்திருக்கேங்க" என்றான் அவன். மரியாதையாகத்தான் சொன்னான். அந்த மரியாதைதான் இவளுக்கு எரிச்சலைக் கிளப்பியது.

"நான் நின்னுகினு வரணும், பொட்டி உக்காந்துகினு வரணுமா? இன்னா நாயம் இது?"

"கீழ வுழுந்தா ஒடஞ்சிடும்ங்க…"

"நான் வுழுந்தா?"

பஸ்ஸே சிரித்தது. அவன் நிமிர்ந்து பார்த்தான். அப்போதுதான் அவளும் பார்த்தாள். பெரிய அழகன் என்றெல்லாம் சொல்வதற்கில்லை. ஆனால் அந்தக் கண்கள்… மாட்டிக்கொண்டதும் பொய் சொல்லத் தெரியாத கண்கள். ஒரு நொடி இமைக்க மறந்து நின்றன. பிறகு அவன் சட்டென்று எழுந்துவிட்டான்.

"நீங்க உக்காருங்க. ஆனா… வளைவுல சாயும். கொஞ்சம் புடிச்சிக்கிறீங்களா?"

போச்சு. கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பெட்டி அவள் தோளில் வந்து சாய்ந்தது. அவள் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு தடவையும், கம்பியைப் பிடித்து நின்றிருந்தவன் வேறு பக்கம் திரும்பிச் சிரிப்பை விழுங்கினான். 'சிரிக்கட்டும்… இறங்கும்போது பாத்துக்கறேன்' என்று அவள் கறுவிக்கொண்டாள். கறுவியதோடு சரி. அவன் சட்டையின் ஈரத்தோள் மேலேயே கண் போய்ப் போய் வந்தது.

வெள்ளிமலையில் இருவரும் ஒரே இடத்தில் இறங்கினார்கள். ஒரே பள்ளிக்கூடத்தை நோக்கி நடந்தார்கள். இவன் எதற்கு என் பின்னாலேயே வருகிறான் என்று அவள் திரும்பி முறைக்கவும், பள்ளிக்கூட வாசலில் குடையோடு நின்ற இசைவாணி கையை ஆட்டவும் சரியாக இருந்தது.

"அட, ரெண்டு பேரும் சேந்தே வந்துட்டீங்களா? மணிமொழி, இவருதான் இளஞ்செழியன். சென்னையில செல்லோ வாசிக்கிறாரு, அந்தப் பொட்டிக்குள்ள இருக்கற பெரிய வயலின். இளா, நான் சொன்னேன் இல்ல… வயலின். இவதான்."

அவன் அப்போதுதான் அவள் கையைப் பார்த்தான். உரச்சாக்குக்குள் மழை படாமல் சுற்றி வைத்திருந்த வயலின் பெட்டி. "அது மடியில இருந்துச்சே… நான் ஏதோ துணின்னு நெனச்சேன்" என்றான்.

"அது டிக்கெட் எடுக்கல. அதான் கண்ணுக்குத் தெரியல" என்றாள் மணிமொழி.

விஷயம் இதுதான். முந்நூறு வருடங்களுக்கு முன் இத்தாலியில் ஒருவர் வயலினுக்காக எழுதிய இசை. வருஷத்தின் நாலு காலத்தையும் கம்பியில் இழைத்து வைத்தது. அதை நாலே பேர், மைக் இல்லாமல், ஓட்டுக்கூரை போட்ட பள்ளிக்கூட அறையில், எதிரே கொஞ்சம் பேரை மட்டும் உட்கார வைத்து வாசிக்க வேண்டும் என்பது அங்கே இசை ஆசிரியையாக இருக்கும் இசைவாணியின் ஆசை. அவளும் வயலின்தான். வயலினைவிடக் கொஞ்சம் பெரிய வயோலாவுக்குப் பிரவீன்குமார். முதல் வயலின் வாசிக்க வேண்டிய சென்னைக்காரிக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. விழுப்புரம் இசைப்பள்ளியில் தன்னோடு படித்த மணிமொழிக்குப் போன் போட்டாள். ஞாயிறு மாலை கச்சேரி. இன்று வியாழன்.

மணிமொழி கர்நாடக சங்கீதக்காரி; இசைவாணி சுரப்படுத்தி எழுதித் தந்ததைப் பார்த்துத்தான் வாசித்தாள். பாயில் சம்மணம் போட்டு, வயலின் தலையைப் பாதத்தில் ஊன்றி வாசித்துப் பழகியவள். மற்ற மூவரும் நாற்காலியில், இவள் பாயில். யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. ஒத்திகையில் அந்த இசையின் நாலாவது காலம் வந்ததும் வில்லைத் தூக்கிவிட்டாள்.

"இது இன்னாது?"

"பனிக்காலம். பனியில பல்லு தந்தி அடிக்குது பாருங்க, அந்தச் சத்தம்" என்றான் இளஞ்செழியன்.

"எங்கூர்ல பனியில யாருக்கும் பல்லு தந்தி அடிக்காது. கரும்பு வெட்டுவாங்க. கோயில்ல வெளக்கு எரியறதே தெரியாது, அவ்ளோ மூட்டம். அதை வாசிக்கட்டுமா?"

"வாசிங்களேன்… கேக்கறேன்."

கீரவாணி ராகத்தில் மெல்ல இழுத்தாள். விடிகாலை மூட்டத்தில் கரும்புச் சோகைக்குள் நடக்கிற மாதிரி, எதிரே ஆள் வருவது தெரியாமல்… அவன் செல்லோவை எடுத்தான். அவள் வயலினுக்குக் கீழே, ரொம்பக் கீழே, ஒரு டிராக்டர் தூரத்தில் வருகிற மாதிரி வந்து சேர்ந்தான். கேட்டு வந்து சேர்ந்தான் என்பதுதான் முக்கியம். இதுவரை அவளோடு வாசித்த ஆண்கள் யாரும் அவளைக் கேட்டதில்லை. முடிந்த பிறகும் இருவரும் வில்லை இறக்காமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இசைவாணிதான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நாங்களும் இங்கதான் இருக்கோம்" என்றாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டீ குடித்துக்கொண்டு நின்றார்கள். மரவள்ளிக் கொல்லை மேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. "உங்க ஊரு ரிஷிவந்தியம் பக்கம்னு இசைவாணி சொன்னாங்க. எனக்கும் அங்கதான். சின்ன வயசுலயே ஹாஸ்டல்ல போட்டுட்டாங்க. எங்க கரும்பு கூட மூங்கில்துறைப்பட்டு மில்லுக்குத்தான் போவுது" என்றான்.

ஊர் பேரைச் சொன்னான். அவள் ஊர்.

"யாரு வூடு?"

"ராஜாங்கம் வூடு."

அவள் கையில் டீ கிளாஸ் அப்படியே நின்றது. பெரியவர் வீட்டுச் சின்னவர் எங்கேயோ படிக்கிறார் என்று கேள்விப்பட்டதோடு சரி. "எங்கப்பா உங்க நெலத்தத்தான் குத்தகைக்கு ஓட்டறாரு… கந்தசாமி."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. "நம்ம கந்தசாமியா? என்னத் தோள் மேல தூக்கினு போயி கரும்பு ஒடிச்சித் தருவானே, அந்தக் கந்தசாமி பொண்ணா நீங்க?"

பாசமாகத்தான் சொன்னான். கேளுங்கள், அதுதான் கொடுமை. அந்த வீட்டில் பால்குடி மறக்காத குழந்தைகூட அவள் அப்பாவைப் பேர் சொல்லித்தான் கூப்பிடும்.

"எங்கப்பாவுக்கு அறுவது வயசு ஆவுதுங்க" என்றாள் மணிமொழி. கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவன் இன்னும் மழையிலேயே நிற்கிறான் என்று இசைவாணி வந்து சொன்னாள். நிக்கட்டும் என்றாள் இவள். சொல்லிவிட்டு, ஜன்னல் வழியே எட்டிப் பார்க்காமல் இருக்க ரொம்பக் கஷ்டப்பட்டாள்.

சனிக்கிழமை காலை அவன் தயங்கித் தயங்கி வந்தான். "அப்பா கச்சேரிக்கு வர்றாரு. நான் செல்லோவத் தூக்கினு போனதுலருந்து எங்கூடப் பேசாத மனுஷன்… இப்பதான் முதல் தடவையா வரேன்னாரு."

"சந்தோஷங்க."

"நீங்க வாசிக்கறத சொன்னேன். கந்த… உங்கப்பா பொண்ணுன்னு. அதுக்கு அவரு, தரையில உக்காந்து வாசிக்கறதா இருந்தா வரேன், எனக்கெதிர்ல நாற்காலியில உக்காந்தா வரமாட்டேன்னாரு. நீங்கதான் எப்படியும் பாயில உக்காருவீங்களே… அதனால சரின்னுட்டேன்."

மணிமொழி வயலினைக் கீழே வைத்தாள். "நேத்து வரைக்கும் பாயில உக்காந்தது என் இஷ்டம். இன்னிக்கு உங்கப்பா சொன்னப்புறம் அது அவரு இஷ்டம். எனக்கு நாற்காலி வேணும்."

"உங்களுக்கு அதுல பழக்கமே இல்லையே மணிமொழி…"

"பழகிக்கறேன்."

"நாளைக்குக் கச்சேரி. தோள்ல வச்சி வாசிக்கணும். வில்லு நடுங்கும். உங்க வாசிப்பே கெட்டுடும்ங்க."

"கெடட்டும். உங்களுக்கு அப்பா வேணும், எனக்கும் எங்கப்பா வேணும். உங்க வூட்டு வாசல்ல நின்னு நின்னே வளந்த மனுஷன் அவரு. நான் கத்துக்கினது அதே வாசல்ல அவரு பக்கத்துல போயி குந்தறதுக்கு இல்ல."

அவன் கண்கள் தாழ்ந்தன. பொய் சொல்லத் தெரியாத அந்தக் கண்கள்… அவற்றைப் பார்த்தால் இளகிவிடுவோம் என்று அவள் சுவரைப் பார்த்தாள்.

அன்று முழுக்க இசைவாணி சொல்லிக்கொடுத்தாள். வயலினைத் தோளுக்கும் தாடைக்கும் நடுவே பிடிக்க வேண்டும். கழுத்து கழன்றுவிடும்போல வலித்தது. தாடைக்குக் கீழே சிவந்து தடித்தது. வேகமான இடங்களில் வயலின் நழுவிற்று. பத்துத் தடவைக்கு ஒரு தடவை சரியாக வந்தது. இதற்கு நடுவே மூடிய வகுப்பறை ஒன்றிலிருந்து செல்லோ கண்டபடி பிசிறடித்துக் கேட்டது. 'அவருக்கு இன்னா வந்துச்சி, வாசிக்கவே மறந்துட்டாரா' என்று நினைத்துக்கொண்டாள்.

ஞாயிறு மாலை. மலையே ஒழுகுகிற மாதிரி மழை. ராஜாங்கம் காரில் வந்து முன்வரிசையில் நடுநாயகமாக உட்கார்ந்தார். வெள்ளை வேட்டி, மடியில் கார் சாவி. கந்தசாமி பஸ்ஸில் நனைந்து வந்தார். பின்வரிசையில் நாற்காலி காலியாக இருந்தும் சுவரோடு ஒட்டி நின்றார். மகளைப் பக்கத்து அறையில் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"கண்ணு, பாயிலியே உக்காந்துடேன். அவுரு மூஞ்சே சரியில்ல. நெலத்த வுடுன்னுட்டா இன்னா பண்றது?"

"வேற நெலம் பாப்போம்பா. இன்னிக்கு நான் கீழ உக்காந்தேன்னா அப்புறம் ஜென்மத்துக்கும் ஏந்திரிக்க முடியாது."

அவர் மகளின் தாடைக்குக் கீழே இருந்த சிவப்பைப் பார்த்தார். திரும்பிப் போய்ப் பின்சுவரோடு நின்றுகொண்டார்.

அவள் அறைக்குள் நுழைந்தாள். நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வாசிக்கிற இடத்தில் மூன்று நாற்காலி. நடுவே ஒரு பாய்.

'கடைசியில அப்பன் பேச்சுதான் உனக்குப் பெருசாப் போச்சு இல்ல…' கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. வரட்டும். பாயைத் தாண்டி நடந்தாள். முதல் நாற்காலியைத் தரையில் சத்தம் கேட்க இழுத்துப் போட்டாள். ராஜாங்கத்துக்கு நேர் எதிரே நிமிர்ந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்து, அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

இசைவாணி ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். பிரவீன்குமார் இன்னொன்றில். நாற்காலி தீர்ந்துவிட்டது.

அப்போதுதான் இளஞ்செழியன் உள்ளே வந்தான். ஒரு கையில் செல்லோ. இன்னொரு கையில் நாலாவது நாற்காலி. செல்லோவைப் பாயில் படுக்க வைத்தான். நாற்காலியை எடுத்துக்கொண்டு போய் முன்வரிசையில் தன் அப்பாவின் பக்கத்தில் போட்டான். பிறகு பின்சுவர் வரைக்கும் நடந்தான். கந்தசாமியின் ஈரக் கையைப் பிடித்தான்.

"முன்னாடி வந்து உக்காருங்க மாமா."

அந்த வீட்டுப் பிள்ளை, அந்தச் சொல்லை, அந்த மனிதரிடம்… மணிமொழி அவனையே பார்த்தாள்.

"இன்னாடா சொன்ன?" என்றார் ராஜாங்கம்.

"மாமான்னு சொன்னேம்பா."

கந்தசாமி அசையவில்லை. ராஜாங்கத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், வழக்கம்போல. மணிமொழி வில்லை மடியில் வைத்தாள்.

"எங்கப்பா உக்காரட்டும். அப்புறம் ஆரம்பிக்கறோம்" என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி.

கந்தசாமி மகளைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். மெதுவாக நடந்து வந்து அந்த நாற்காலியில், அதன் விளிம்பில் உட்கார்ந்தார். அடுத்த நிமிடம் ராஜாங்கம் எழுந்துவிட்டார். விடுவிடுவென்று கதவு வரைக்கும் போனார். வெளியே கார் கண்ணுக்கே தெரியாத மழை. நிலைப்படியில் கையை ஊன்றி, உள்ளுக்கு முதுகைக் காட்டியபடி நின்றார்.

இளஞ்செழியன் பாயில் உட்கார்ந்தான். செல்லோவைத் தரையில் ஊன்றுகிற கம்பிக்காலை உள்ளே தள்ளிவிட்டு, காலை மடக்கத் தெரியாமல் மடக்கி, குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொள்கிற மாதிரி அதைச் சாய்த்துக்கொண்டான். நேற்று மூடிய வகுப்பறையில் பிசிறடித்தது எதற்கு என்று மணிமொழிக்குப் புரிந்தது. அவன் கீழேயிருந்து நிமிர்ந்து பார்த்தான். அவள் மேலேயிருந்து தலையசைத்தாள்.

வாசித்தார்கள். சும்மா சொல்லக் கூடாது… பிசகியது. கோடையின் புயலில் ஒரு இடத்தில் அவள் வயலின் நழுவி ஒரு சுரம் அடிபட்டது. இன்னொரு இடத்தில் அவன் வில் பாயில் இடித்தது. அவள் விடவில்லை. தாடையை இறுக்கிக்கொண்டு வாசித்தாள். அவன் அவளைக் கேட்டுக் கேட்டு வாசித்தான். கடைசியில் மூட்டம் வந்தது, கீரவாணி வந்தது, தூரத்து டிராக்டர் வந்தது. முடிந்தபோது கந்தசாமி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ராஜாங்கம் இன்னும் கதவருகில்தான் இருந்தார். மழை எப்போதோ விட்டிருந்தது. அவர் போகவில்லை. கைதட்டல் அடங்கின பிறகுதான், யாரிடமும் பேசாமல் காரை எடுத்துக்கொண்டு போனார்.

"அப்பாகூட இனிமே எப்போ பேசுவேன்னு தெரியல" என்றான் இளஞ்செழியன், கள்ளக்குறிச்சி பஸ்ஸுக்காக நிற்கும்போது. கந்தசாமி கொஞ்சம் தள்ளிப் போய், இல்லாத பஸ்ஸை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வருத்தமா?"

"இருக்கு. ஆனா திரும்பவும் கூப்பிடச் சொன்னா கூப்பிடுவேன்."

"எங்கப்பாவ மாமான்னு யாரக் கேட்டுக் கூப்ட்டீங்க?"

"யாரையும் கேக்கல. அண்ணான்னு சொல்லலாம், ஐயான்னு சொல்லலாம்… காலையிலருந்து எல்லாத்தையும் சொல்லிப் பாத்தேன். வாயில அதான் நின்னுச்சு." பெட்டியைத் தோள் மாற்றிக்கொண்டான். "அன்னிக்கு நீங்க என் பொட்டியக் கட்டிப் புடிச்சிகினு வந்தீங்களே… அப்பவே முடிஞ்சி போச்சு மணிமொழி. உங்களப் புடிச்சிருக்கு. நீங்க வேணாம்னா சொல்லிடுங்க. அப்பவும் அவர மாமான்னுதான் கூப்பிடுவேன்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காது வரைக்கும் சிவந்திருந்ததை ரோட்டு விளக்கு காட்டிக்கொடுத்தது.

பஸ் வந்தது. அவள்தான் முதலில் ஏறினாள். ஜன்னலோரமாக உட்கார்ந்து, படிக்கட்டில் பெட்டியோடு திணறிக்கொண்டிருந்தவனைப் பார்த்தாள்.

"இன்னா பாத்துகினு நிக்கற? ஜன்னலோரம் எனக்கு. பொட்டியத் தூக்கி மடியில வச்சிகினு பக்கத்துல உக்காரு."

நீங்க என்பது எங்கே போனதென்று அவனும் கேட்கவில்லை, முன்சீட்டில் உட்கார்ந்திருந்த கந்தசாமியும் கேட்கவில்லை.