சத்தம் இல்லாத புயல்

வருகைப் பதிவின்போது அவள் "உள்ளேன் டீச்சர்" என்று சொன்னால் மற்றவர்களுக்கு "மியாவ்" என்றுதான் கேட்கும். வகுப்பில் அவளுக்கு அதுவே பெயராகிவிட்டது. நாலு பேர் பார்த்தால் போதும், மியாவுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அப்படிப்பட்டவளிடம் அறிவியல் டீச்சர், "வெள்ளிக்கிழமை நீதான் பாடம் நடத்தப் போறே. புயலும் வெள்ளமும். கம்ப்யூட்டர்ல படம் போட்டுக் காட்டணும்" என்றார்.

அன்றிலிருந்து மியாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். பேசினால்தானே பயம்? பேசாமலே பாடம் நடத்திவிட்டால்?

சுழலும் மேகம், சாயும் மரம், தெருவில் பாயும் வெள்ளம் என்று படங்களை வரிசையாகச் சேர்த்தாள். விளக்கங்களை அக்காவைப் பேசச் சொல்லிப் பதிவு செய்தாள். இடி, காற்று இரண்டுக்கும் நிஜமான சத்தங்களைத் தேடி இணைத்தாள்.

"எல்லாத்தையும் நானே பேசிட்டா, நீ என்னடி பண்ணப் போறே?" என்றாள் அக்கா.

"பட்டனை அழுத்துவேன்."

வெள்ளிக்கிழமை வந்தது. ஜன்னல்களைச் சாத்தி விளக்கை அணைத்தார்கள். மியாவ் பட்டனை அழுத்தினாள்.

அக்காவின் குரல் கணீரென்று ஒலித்தது. இடி விழுந்தபோது, ஒல்லியாக இருப்பதால் எல்லோரும் குண்டூசி என்று கூப்பிடும் பையன் "அம்மாடி!" என்று துள்ளினான். வகுப்பே சிரித்தது. மியாவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

அப்போதுதான் ஜன்னலோரம் பார்த்தாள். போன வாரம் சேர்ந்த புது மாணவி இரண்டு காதுகளையும் இறுகப் பொத்தியிருந்தாள். உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. காற்று ஊளையிட்டதும் மெல்லச் சரிந்து பெஞ்சுக்கு அடியில் போய் ஒடுங்கிக்கொண்டாள்.

இருட்டில் வேறு யாரும் கவனிக்கவில்லை. டீச்சர்கூடத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மியாவ் திரையைப் பார்த்தாள். அடுத்தது வெள்ளம். அதற்குத்தான் சத்தம் மிக அதிகம். ஒலியை நிறுத்தினால் அக்காவின் குரலும் நின்றுவிடும். அப்புறம் யார் பேசுவது?

பெஞ்சுக்கு அடியில் தெரிந்த இரண்டு கால்களைப் பார்த்தாள். ஒலியை நிறுத்திவிட்டாள்.

"ஏய், சத்தம் வை!" என்று கூச்சல் எழுந்தது.

"என்னம்மா ஆச்சு?" என்றார் டீச்சர்.

"லைட்டைப் போடுங்க டீச்சர். நானே... நானே சொல்றேன்."

வெளிச்சம் வந்தது. எல்லாக் கண்களும் அவள் மேல். புது மாணவியைப் பார்க்காமல், அவளுக்கும் கேட்கட்டும் என்று சொன்னாள்.

"இது வெறும் படம். இங்கே காத்து இல்ல, தண்ணியும் இல்ல."

"கேக்கல!" என்றான் குண்டூசி.

மியாவ் மூச்சை இழுத்துவிட்டு இன்னும் உரக்கச் சொன்னாள். குரல் உடைந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. வெள்ளம் பாயும் படத்தைத் தள்ளிவிட்டு, ஆட்களை ஏற்றிச் செல்லும் மீட்புப் படகின் படத்தைப் போட்டாள். "தண்ணி ஏறினா உயரமான இடத்துக்குப் போயிடணும்" என்று திக்கித் திக்கிச் சொன்னாள்.

பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"எங்க வீட்ல முதல்ல செருப்புங்கதான் மிதந்துச்சு" என்றாள் புது மாணவி.

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"அப்புறம்?" என்று குண்டூசி வாயைப் பிளந்தான்.

"அப்பா எங்களை மாடிக்குத் தூக்கிட்டுப் போனாரு. படகு வர்ற வரைக்கும் அங்கேயேதான் இருந்தோம்."

மியாவ் மெல்ல நகர்ந்து இடம் விட்டாள். "இங்க வந்து சொல்றியா?"

"நீயும் நிப்பியா?"

"நிப்பேன்."

இருவரும் திரைக்கு முன்னால் நின்றார்கள். மணி அடித்த பிறகும் பேசிக்கொண்டே இருந்தவர்களை டீச்சர்தான் வந்து உட்கார வைக்க வேண்டியிருந்தது.