துண்டுக் கயிறு

"வின்னி டீச்சர் வர்றப்போ நீ முன்னாடி வராத. அடுப்பாண்டையே இரு."

பழனியம்மா இதைச் சொன்னபோது தாரா டீ வடிகட்டிக்கொண்டிருந்தாள். டம்ளரை மாமியார் பக்கம் நகர்த்திவிட்டு, "சரிங்கத்தை," என்றாள்.

"சரிங்கத்தையாம்... தேவா பட்ட பாட்டையெல்லாம் ஒரே நாள்ல ஒடச்சுப் போட்டுட்டு, இப்போ சரிங்கத்தை."

கூடத்தில் கண்ணாடி முன் நின்று மீசை வாரிக்கொண்டிருந்த நெடுஞ்செழியன் காதிலும் இது விழுந்தது. அவன் சீப்பைக் கீழே வைக்கவில்லை. தாராவின் புருஷன் அவன். கோலார் தங்கச் சுரங்கத்து ஊரான சாம்பியன் ரீப்ஸில் யாழ் செய்கிற குடும்பத்துக்குத் தலைவன், ஆசான் என்று தனக்குத்தானே பட்டம் கட்டிக்கொண்டவன். பலாக்கட்டையைக் குடைந்து பெட்டி செய்வதும், மேலே வளைந்த கொம்பைச் செதுக்குவதும் தம்பி தேவா. நரம்பு கட்டிச் சுதி சேர்ப்பது தாரா. நெடுஞ்செழியன் என்ன செய்வான் என்றால், பேசுவான். மைக் கிடைத்த இடத்திலெல்லாம் தமிழனின் யாழைத் தான்தான் மீட்டதாகப் பேசுவான். மைக் கிடைக்காத நாளில் பங்காருபேட்டை ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவன் மாட்டிக்கொள்வான்.

போன மழைக்காலத்தில் வின்னி டீச்சர் சர்ச் பாட்டுக் குழுவுக்கென்று கேட்ட யாழ், அவள் எடுத்துப்போக வந்த அன்று கொம்பு பிளந்து கிடந்தது. அத்தனை பேர் முன்னிலையில் தாராதான் சொன்னாள்: "நான்தான் ஜாஸ்தியா முறுக்கிட்டேன்."

அவள் முறுக்கவில்லை. முந்தின சாயங்காலம் பட்டறையில் தனியாக உட்கார்ந்து எல்லா நரம்பையும் சுதிக்கு மேலே ஏற்றியவன் அந்தப் பெரிய மனுஷன்தான். மரம் பிளந்த சத்தம் கேட்டு ஓடிவந்த பெண்டாட்டியின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். "ஆசானே ஒடச்சான்னு தெரிஞ்சா எவன் வருவான் தாரா? தேவாவுக்குத் தெரிஞ்சா அவன் தனியாப் பூடுவான். நீ பண்ணதாச் சொல்லிடு... பொம்பளைன்னா மன்னிச்சிடுவாங்க."

ஆசான் என்ற வார்த்தைக்காக அவள் இணங்கவில்லை. அண்ணன் தம்பி பிரிந்துவிடக் கூடாது என்றுதான் இணங்கினாள். அதற்குக் கிடைத்த கூலி, பட்டறை வாசப்படியை மிதிக்கக் கூடாது என்று மாமியார் போட்ட உத்தரவு. அதையும் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதது தேவாதான். அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அண்ணி, அண்ணி என்று அவள் கையால் சோறு வாங்கித் தின்றவன், இப்போது தானே போட்டுக்கொண்டு தனியாகச் சாப்பிட்டான். ஒரு வார்த்தை திட்டியிருந்தாலாவது ஆறியிருக்கும்.

புதுக் கொம்பும் தேவாதான் செதுக்கினான். நரம்பு கட்டும் வேலையை ஆசான் ஏற்றுக்கொண்டார். எப்படி? அம்மா புத்த விகாரைக்கும் தம்பி கோலார் மர மண்டிக்கும் போன நேரம் பார்த்து, "தாரா, பின்பக்கமா வா," என்று கூப்பிட்டு. புது நரம்பு முறுக்க முறுக்க இளகும். கொஞ்சம் ஏற்றி, ஆறவிட்டு, மறுபடி கொஞ்சம் ஏற்ற வேண்டும். சொந்த வீட்டிலேயே திருடிபோல் நுழைந்து, சுரங்கக் கழிவுமண் குவிந்த சயனைடு மேட்டிலிருந்து பறந்து வந்து படியும் தூசியைத் துடைத்துத் துடைத்து, அவள் அதைச் சுதிக்குக் கொண்டுவந்தாள். சாப்பாட்டு நேரத்தில் அவன் அம்மாவிடம் விரலை நீட்டி, "நரம்பு அறுத்துடுச்சும்மா," என்பான். விரலில் கீறல்கூட இருக்காது.

வின்னி டீச்சர் பட்டறைக்கு வந்தாள். பழனியம்மாவும் தேவாவும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். யாழைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஹார்ப் அழகாத்தான் கீது. இந்த வாட்டி ஒடையாதுன்னு இன்னா கேரண்டி?" என்று கேட்டாள்.

"யாழுங்க டீச்சர். ஹார்ப் இல்ல," என்று ஆரம்பித்தான் நெடுஞ்செழியன். அடுப்பங்கரையில் தாரா கண்ணை மூடிக்கொண்டாள். "எங்கப்பா மைன்ஸ்ல ரோப் செக்சன். ஷாப்ட்டுக் குழியில ஆளு போற கேஜ் கூண்டக் கட்டுற ரோப்பை ரெட்டை லோடு போட்டு இழுத்துப் பாத்துட்டுத்தான் ஆளை எறக்குவாங்க. அந்த ரத்தம் டீச்சர் எனக்கு. இந்த வீட்டுலேர்ந்து போற எந்த யாழும் அந்த டெஸ்ட் தாண்டாமப் போகாது. உங்க கண்ணு முன்னாடியே பண்றேன், பாருங்க."

நரம்பு முறுக்கும் சாவியை எடுத்து முறுக்க ஆரம்பித்தான். நரம்பு ஒவ்வொன்றும் தன் இடத்தைத் தாண்டி மேலே ஏறுவது தாராவுக்கு அடுப்பங்கரைவரை கேட்டது. வாயைத் திறந்தால் புருஷனுக்குக் கொடுத்த வாக்கு போகும். திறக்காவிட்டால் தேவாவின் கொம்பு மறுபடி போகும். அவள் கைத்துணியை வீசிவிட்டுப் பட்டறைக்குள் வந்து சாவியின் மேல் கையை வைத்தாள்.

"வுட்டுடுங்க."

"யாருடி உன்ன உள்ள வரச் சொன்னது?" பழனியம்மா எழுந்துவிட்டாள். "ஒரு வாட்டி ஒடச்சது பத்தலியா?"

தேவா மட்டும் அண்ணியைப் பார்க்கவில்லை. அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எந்த யாழும் தாண்டாமப் போகாதுன்னு சொன்னியேண்ணா... போன யாழுக்கும் பண்ணியா?"

ஊரெல்லாம் பேசுகிற வாய், "அது... லேசாத்தான்... டெஸ்ட்டுன்னா..." என்று இழுத்தது.

"பண்ணியா?"

"பண்ணேன். ஆனா அது மரத்தோட கோளாறு..."

பழனியம்மா மகன் கிட்டே வந்தாள். அவனுக்கு இரண்டு அறை கொடுத்திருந்தால்கூட அவ்வளவு கேவலமாக இருந்திருக்காது. அவள் சாதாரணமாகத்தான் பேசினாள்.

"உங்கப்பாவுக்கு நான்தான்டா சோறு எடுத்தும்போவேன். அறுந்து போற வரைக்கும் அவரு இழுத்தது, கோடியில வெட்டி எடுத்த துண்டுக் கயித்த. மிஷின்ல மாட்டி இழுப்பாங்க, துண்டு அறுந்து போவும், தூக்கிப் போட்டுடுவாங்க. ஆளு போற கயித்த எவனாச்சும் அப்படி இழுப்பானா? அப்பன் பேரச் சொல்லிச் சொல்லியே வயித்தக் கழுவுற... அப்பன் இன்னா வேல செஞ்சாருன்னே தெரியல உனக்கு."

பிறகு மருமகளிடம் திரும்பினாள். "நீ ஏன்டி வாயத் தொறக்கல?"

"உங்க புள்ள என் கால்ல வுழுந்தாரு அத்தை. அத வெளிய சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு." தாரா தேவாவைப் பார்த்தாள். "அண்ணன் தம்பி ஒண்ணா இருக்கட்டும்னு நெனச்சேன். அதுக்கு தேவா என் சோறே வேணாம்னுட்டான்... அதான் அத்தை... மத்ததெல்லாம் தாங்கிக்கினேன்."

தேவா அங்கேயே மரச்சுருள் குப்பையில் மண்டியிட்டுவிட்டான். அண்ணியின் முந்தானையைப் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டு, "ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா அண்ணி..." என்று விம்மினான். தாரா அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். பழனியம்மா அவள் வலது கையை இழுத்து விரித்துப் பார்த்தாள். விரல்நுனியெல்லாம் நரம்பு அறுத்த கோடு, சில கோடு புதிது. இந்த நரம்பையும் கட்டியது யார் என்று அவள் கேட்கவில்லை. அந்தக் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள்.

வின்னி டீச்சர் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தாள். "தாரா, நீ சொல்லு. நான் எடுத்துக்கினு போலாமா?"

"வேணாம் டீச்சர். எல்லாத்தையும் எறக்கி ஆறவுட்டு நானே ஏத்துறேன். கொஞ்ச நாள் இங்கயே இருந்துட்டுப் போவட்டும்."

"ஆமா, நம்ம யாழ் மரபுலயே அப்படித்தான் டீச்சர்..." என்று நெடுஞ்செழியன் தொடங்கினான். அவனுக்கு வெட்கம் என்பது கிடையாது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் நிரூபிக்க முடியாது.

தாரா அவன் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டாள். புருஷன் முகத்தை அவள் நேராகப் பார்த்து வெகுநாளாகியிருந்தது. "எல்லாருக்கும் டீ போட்டு எடுத்துக்கினு வாங்க. அத்தைக்குச் சக்கர வேணாம்," என்றாள்.

அவன் அம்மாவைப் பார்த்தான், தம்பியைப் பார்த்தான். யாரும் அவன் பக்கம் திரும்பாததால் அடுப்பங்கரைக்குப் போனான்.

தேவா யாழைச் சாயாமல் பிடித்துக்கொண்டான். தாரா நடு நரம்பிலிருந்து ஒவ்வொன்றாகத் தளர்த்த ஆரம்பித்தாள். பழனியம்மா பக்கத்திலேயே மணையைப் போட்டு உட்கார்ந்தாள்.

உள்ளே பாத்திரம் ஒன்று விழுந்து உருண்டது. கொஞ்ச நேரம் கழித்து, பிறந்ததிலிருந்து அந்த வீட்டிலேயே இருக்கிற நெடுஞ்செழியனின் குரல் வந்தது.

"தாரா... டீத்தூள் எங்க வெச்சிருக்க?"

தாரா அடுத்த நரம்புக்குப் போனாள்.