இறந்தவர் பட்டியலில் ஏழாவது பெயர்

ஏழாவது பெயரை எழுதும்போது ஜொவிட்டாவின் பேனா நின்றது.

"வால்டர் தாத்தா எப்பம்மா செத்தார்?" என்று கேட்டாள்.

அம்மா ஃப்ளோரன்ஸ் வாய் திறப்பதற்குள் பக்கத்து வீட்டு கரோல் ஆன்ட்டி முந்திக்கொண்டாள். "ரொம்ப நாளா ஆளையே காணோம். பெங்களூர்ல மகன் வீட்டுக்குப் போனாராம். அங்கயே போய்ச் சேர்ந்துட்டார்னு பேசிக்கிட்டாங்க."

"யாரு பேசிக்கிட்டாங்க?"

"எல்லாரும்தான்!"

எல்லாரும் என்று ஒருவர் சொன்னால் யாருமே இல்லை என்று அர்த்தம். பத்து வயது ஜொவிட்டாவுக்கு அது தெரியவில்லை. எழுதிவிட்டாள்.

சாந்தோமிலிருந்து பட்டினப்பாக்கம் போகிற வழியில் ஒரு சின்ன மாதா கோயில். அதைச் சேர்ந்த இருபது வீட்டுக்காரர்கள் புதன்கிழமை தோறும் ஒரு வீட்டில் கூடி ஜெபம் செய்வார்கள். அதற்கு அன்பியம் என்று பெயர். இந்த வாரம் ஒரு வீடு, அடுத்த வாரம் அடுத்த வீடு. ஃப்ளோரன்ஸ்தான் தலைவி. எழுத்து வேலையெல்லாம் ஜொவிட்டாவுக்கு.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். சாயங்காலப் பூசையில் அந்த வருடம் இறந்தவர்களின் பெயர்களை ஃபாதர் வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் அந்தக் குடும்பத்தில் ஒருவர் முன்னால் வந்து ஒரு மெழுகுவத்தி ஏற்றினார்.

"வால்டர்," என்று ஏழாவது பெயரை வாசித்தார் ஃபாதர்.

யாரும் வரவில்லை. ஃபாதர் இன்னொரு முறை வாசித்தார்.

கடைசிப் பெஞ்சில், தூணுக்குப் பின்னாலிருந்து ஒருவர் எழுந்தார். வெள்ளைச் சட்டை, ஒல்லி உடம்பு. மெதுவாக நடந்து முன்னால் வந்தார். வால்டர்தான்.

"மெழுகுவத்தியைக் குடுங்க ஃபாதர். நானே ஏத்திடறேன். எனக்கு வேற யாரு இருக்காங்க?"

ஏற்றினார். பாட்டுக் குழுவில் ஒரு பையன் பயத்தில் சிரித்துவிட்டான்.

"ஞாயித்துக்கிழமை தவறாம ஆறு மணிப் பூசைக்கு வரேன். இந்தத் தூணுக்குப் பின்னாடிதான் உக்கார்றேன்," என்றார் வால்டர். "இனிமே வரலை."

திரும்பிப் பார்க்காமல் வெளியே போய்விட்டார்.

பூசை முடிந்ததும் ஆளுக்கு ஆள் கை காட்டினார்கள். "குடுத்த லிஸ்டைத்தானே வாசிச்சேன்," என்றார் ஃபாதர். "நான் சந்தேகமாத்தான் சொன்னேன்," என்றாள் கரோல் ஆன்ட்டி.

"நான்தான் எழுதினேன்," என்றாள் ஜொவிட்டா. அந்தச் சத்தத்தில் யார் காதிலும் அது விழவில்லை.

பெரியவர்கள் தப்புச் செய்தால் முதலில் கூட்டம் போடுவார்கள். பிறகு பொன்னாடை வாங்குவார்கள். கோயில் கமிட்டியில் நான்கு பேர் பொன்னாடையும் ஆப்பிள் பையுமாக வால்டர் வீட்டுக்கு மூன்று மாடி ஏறினார்கள்.

கதவு திறக்கவில்லை. "செத்தவனுக்கு எதுக்குய்யா சால்வை?" என்று குரல் மட்டும் வந்தது.

பொன்னாடை பீரோவுக்குப் போனது. ஆப்பிளைக் கமிட்டி சாப்பிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஜொவிட்டா அம்மாவை நச்சரித்து ஆறு மணிப் பூசைக்கு அழைத்துப் போனாள். தூணுக்குப் பின்னால் பெஞ்சு காலியாக இருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை முட்டியது.

திரும்பும் வழியில் மீன் விற்கிற செண்பகம் கூப்பிட்டாள். "ஏம்மா ஃப்ளோரன்சு, வால்டர் சாரு எங்க? ஒரு வாரமா மீன் வாங்க வர்லியே. ஒடம்பு சரியில்லியா?"

"உங்களுக்கு அவரைத் தெரியுமா?" என்று கேட்டாள் ஜொவிட்டா.

"இன்னா கண்ணு இப்டி கேட்டுட்ட? கால் கிலோ சங்கரா வாங்குவாரு. அதுக்கு அரை மணி நேரம் சண்ட போடுவாரு. ஒண்டியாத்தானே கீறாரு, பேச ஆளு வாணாமா?"

"பெங்களூர்ல மகன்..." என்று இழுத்தாள் அம்மா.

"அவருக்கு ஏதும்மா புள்ள? சம்சாரம்தான் இருந்துது. அதுவும் பூட்ச்சு."

அம்மா மீன் வாங்காமலே வீட்டுக்கு நடந்தாள்.

ஜொவிட்டா அன்பியம் நோட்டைப் புரட்டினாள். எந்த வாரம் எந்த வீடு என்று அதில் வரிசையாக இருந்தது. வால்டர் பெயர் மேல் ஒரு கோடு.

"இதை யாரும்மா அடிச்சது?"

"நான்தான். ரெண்டு வருஷம் முன்னாடி, அவர் வீட்டம்மா இறந்தப்போ. தனியாள், இத்தனை பேருக்கு டீ போட்டுக் கஷ்டப்படுவாரேன்னு..."

"அவர்கிட்ட கேட்டியா?"

அம்மா இல்லை என்று தலையாட்டினாள்.

அன்று மாலை ஜொவிட்டா மூன்று மாடி ஏறினாள். அம்மா ஒரு மாடி கீழே படியில் நின்றுகொண்டாள்.

"யாரு?" என்றது உள்ளேயிருந்த குரல்.

"ஜொவிட்டா. உங்க பேரை லிஸ்டுல எழுதினது நான்தான்."

கதவு ஒரு சாண் திறந்தது. "பொன்னாடை கொண்டாந்தியா?"

"இல்லை."

"ஆப்பிள்?"

"அதைக் கமிட்டி சாப்பிட்டுட்டாங்க தாத்தா."

வால்டரின் மீசை லேசாக அசைந்தது. "பின்ன எதுக்கு வந்தே?"

"விசாரிக்காம எழுதிட்டேன். தப்பு என்னுதுதான். அப்புறம் இன்னொண்ணு. வர்ற புதன்கிழமை அன்பியம் உங்க வீட்ல. அதையும் சொல்லணும்."

"என் வீட்லயா? என் பேரைத்தான் அடிச்சு ரெண்டு வருஷம் ஆச்சே."

"திரும்ப எழுதிட்டேன். உங்களுக்கு வேணாம்னா சொல்லுங்க. நாங்களா முடிவு பண்ண மாட்டோம்."

அவர் திரும்பி அறையைப் பார்த்தார். "இங்க ஒரே ஒரு நாற்காலிதான் இருக்கு."

"தரையில உக்காருவோம்."

"டீ யார் போடுவா?"

"யார் வீடோ அவங்கதான் போடணும்."

"எனக்கு நல்லாப் போட வராது."

"பரவாயில்லை. குடிக்கப் போறது நாங்கதானே."

வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கதவு சாத்திக்கொண்டது.

புதன்கிழமை பதினெட்டுப் பேர் படியேறினார்கள். "திறக்க மாட்டார், பாரு," என்று வழியெல்லாம் மூச்சு வாங்கச் சொல்லிக்கொண்டே வந்தாள் கரோல் ஆன்ட்டி.

கதவு விரியத் திறந்து கிடந்தது. கழுவிவிட்ட தரை இன்னும் சரியாகக் காயவில்லை.

அறை கொள்ளாமல் நான்கு பேர் படியில் உட்கார்ந்தார்கள். ஜெபம் நடந்தது. யாருக்காக வேண்டிக்கொள்ள வேண்டும் என்று அம்மா கேட்டபோது வால்டர், "என் ஃபிலோமினாவுக்காக," என்றார். எல்லோரும் சேர்ந்து வேண்டிக்கொண்டார்கள். அத்தனை குரல்கள் அந்த அறையில் கேட்டு ரொம்ப நாள் ஆகியிருந்தது. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எட்டு தம்ளர்தான் இருந்தது. எட்டுப் பேர் குடித்து, கழுவி, அடுத்தவர்களுக்குக் கொடுத்தார்கள். டீ கஷாயம் போல இருந்தது. யாரும் மிச்சம் வைக்கவில்லை.

"சார், நான்தான் தப்பா சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்க," என்றாள் கரோல் ஆன்ட்டி.

"அது கிடக்கட்டும். எனக்கு ஒரு மகனைக் குடுத்தியே, அவன் பெங்களூர்ல என்ன வேலை பாக்கறான்? அதையும் சொல்லிடு," என்றார் வால்டர்.

ஒரு நிமிடம் யாருக்கும் சிரிக்கத் தைரியம் வரவில்லை. வால்டர்தான் முதலில் சிரித்தார்.

எல்லோரும் இறங்கிப் போனார்கள். ஜொவிட்டா கடைசியாகச் செருப்பு மாட்டினாள்.

"ஏய் பொண்ணு," என்று கூப்பிட்டார் வால்டர். "அடுத்த புதன் யாரு வீடு?"

"ஜேக்கப் அங்கிள் வீடு. ஆறரை மணிக்கு."

"ஆறரைன்னா ஆறரையா? இல்ல, உங்க ஆளுங்க ஆறரையா?"

ஜொவிட்டா யோசித்துப் பார்த்தாள். "ஏழு ஆயிடும் தாத்தா."

"நான் ஆறரைக்கே வந்துடறேன்," என்றார் வால்டர். "ஜேக்கப்பை டீ போட்டு வைக்கச் சொல்லு."