ஆணி இறங்கிய தூண்

ஆசாரி கண்ணையன் சுத்தியலைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி ஒரு மணி நேரமாகியும் தூணில் தட்டும் சத்தம் நிற்கவில்லை. டொக், டொக். கொஞ்சம் விட்டு, டொக். கரையானாக இருக்கும் என்று மேகலா தன்னையே சமாதானம் செய்துகொண்டாள். கரையான் இப்படித் தட்டுமா என்ன?

அரியலூருக்கு வெளியே, அவள் புருஷன் ஜெயப்பிரகாஷின் கொள்ளுத்தாத்தா கட்டிய மர வீடு அது. நான்கு தூண், மேலே உத்திரம், அதற்கு மேல் ஓடு. மரத்தோடு மரத்தைக் கோத்ததுதான், தேடினாலும் ஓர் இரும்பு ஆணி கிடைக்காது. குவாரி வெடியில் ஒரு தூண் விரிசல் விட, இரும்புப் பட்டை போட்டு ஆணி அடிக்க ஜெயப்பிரகாஷ் காலையில் ஆசாரியைக் கூட்டி வந்தான். மேகலாவின் எட்டு மாத வயிற்றைப் பார்த்ததும் அவர் தயங்கினார்.

"மாசமா இருக்கிற வூட்ல ஆணி அடிக்க மாட்டோம் தம்பி. இந்த வூடு கட்டுறப்பவும் ஒங்க கொள்ளுப்பாட்டி மாசமா இருந்தாங்களாம். அதான் ஆணியே இல்லாம கோத்திருக்காங்க. பிரசவம் முடியட்டும், வரேன்."

"அதுக்குள்ள தூணு வுழுந்தா? அடிங்க ஆசாரி."

வேண்டாமென்று தடுத்திருக்கலாம் என்று இப்போது மேகலாவின் மனசு அடித்துக்கொண்டது. ஆணி இறங்கிய இடத்திலிருந்து, அன்றைக்குத்தான் வெட்டியது போலப் பச்சை மர வாடை கூடம் முழுக்க வீசியது. நூறு வருஷத்து மரத்துக்குப் பச்சை வாடை ஏது?

தினமும் இரண்டு மணிக்குக் குவாரியில் வெடி வைப்பார்கள். வீடு அதிரும். வயிற்றுப் பிள்ளை உடனே உதைக்கும். இரண்டு உதை, கொஞ்சம் விட்டு ஒன்று.

இன்றும் வெடித்தது. ஓட்டிலிருந்து தூசி கொட்டியது. வயிறு அசையவில்லை.

சர்க்கரைத் தண்ணீர் குடித்தாள். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தாள். வயிற்றைத் தட்டினாள்.

"என் தங்கம், ஒரு தடவ அசையேன்."

ஒன்றுமில்லை. வேலைக்குப் போயிருந்த புருஷனுக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, புள்ள அசையலங்க."

"இதோ வந்துட்டேன். நீ பயப்படாத."

எழுவதற்கு ஆணி அடித்த தூணைப் பிடித்தாள். மரம் வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளங்கைக்கு அடியில், மரத்துக்குள், ஏதோ மெல்லப் புரண்டது.

உதைத்தது. மறுபடியும்.

கொஞ்சம் விட்டு, ஒன்று.

மேகலா அந்தக் கையை எடுக்கவில்லை. இன்னொரு கை, சில்லிட்டுக் கிடந்த வயிற்றின் மேல் இருந்தது.